நெற்றிக்காசு

பிணத்தின் நெற்றியிலிருந்து காசை இடது கையின் இரண்டு விரல்களால் எடுப்பான் பாக்யராஜ். ஒட்டியிருக்கும் சந்தனத்தைப் பனியனில் துடைத்துவிட்டு, அதிலிருக்கும் ராஜாவின் முகத்தை ஒருமுறை பார்ப்பான். "இன்னா தாடி, மறுபடியும் வந்துட்டியா?" என்பான். பிறகு, பக்கத்தில் கை நீட்டி நிற்கும் ஊர்ப் பெரியவர் சுப்புராயனிடம் கொடுத்துவிடுவான். பதிலுக்கு அவர் ஒரு ரூபாய் நாணயத்தை அவன் உள்ளங்கையில் போடுவார். விரல் பட்டுவிடாமல், மேலேயிருந்து.

பாக்யராஜுக்கு நாற்பது வயது. திருக்கனூர் மார்க்கெட்டில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். கத்திரிக்காய் மூட்டை ஏற்றுகிறவன், ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சுடுகாட்டுக்கு வந்தாக வேண்டும். தாத்தா செய்தது, அப்பா செய்தது. வரமாட்டேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அந்தப் போகத்தில் காலனியில் ஒருத்திக்கும் நடவு வேலை கிடைக்கவில்லை. அதனால் வருகிறான். ஆனால் கால்பந்து பனியனும் அரை டவுசருமாக வருகிறான். லோடு ஏற்றுகிற மாதிரியே வரட்டியை அடுக்குவான். கனமானது அடியில், ஓரம் இறுக்கமாக. யாராவது யோசனை சொன்னால், "வா நைனா, நீ அடுக்கு. நான் அங்க போயி அழுவுறேன்" என்பான்.

நெற்றியில் வருகிற காசு சுடுகாட்டில் வேலை செய்கிறவனுக்குச் சேரும். அதுதான் வழக்கம். ஆனால் எங்கள் ஊரில் அந்தக் காசு ஒன்றே ஒன்றுதான்: கிரீடமும் தாடியுமாக ஐந்தாம் ஜார்ஜ் இருக்கும் வெள்ளி ரூபாய். சுப்புராயன் வீட்டு பீரோவில் மஞ்சள் துணிக்குள் கிடக்கும். ஊர்த் தெருவில் யார் செத்தாலும் வெளியே வரும். ராஜாவின் முகம் வானத்தைப் பார்க்கிற மாதிரி வைப்பார்கள். தீ வைக்குமுன் பீரோவுக்குத் திரும்பிவிடும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணில் இங்கிலாந்து ராஜாவுக்கு இவ்வளவு மரியாதை.

நானும் காலனிக்காரன். என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். படித்தது வரலாறு. 'அரசன் போக முடியாத இடங்களுக்கும் காசில் அவன் முகம் போய்ச் சேரும்' என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த முகம் எங்கள் தெருமுனையில் நின்றுவிடுவது எழுதும்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எதற்காகப் படித்தேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் பாக்யராஜின் அம்மா கலியம்மாள் இறந்தார். சுப்புராயன் கழனியில் நாற்று நட்டே கூன் விழுந்தவர். "நான் செத்தா அந்தத் தாடிக்காரன என் நெத்தியிலயும் குந்த வைடா. என்னைத் தூக்கினு போற அழக அவனும் பாக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தார். பாக்யராஜ் கேட்கப் போனான். நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே, மழையில் நின்றோம்.

"அது ஊர் காசுப்பா," என்றார் சுப்புராயன். "காலனிக்குன்னு நீங்களா ஒண்ணு வாங்கி வச்சிக்குங்களேன். இப்பதான் ஆன்லைன்லயே கெடைக்குதே."

"அப்ப நான் இத்தினி வருசமா எந்த ஊர் பொணத்த எரிக்கிறேன்?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கலியம்மாள் ஒரு ரூபாய் நாணயத்தோடு போனார்.

அதிலிருந்து பாக்யராஜ் தாடிக்காரரிடம் பேசுவதில்லை. அடுத்து வந்த சாவில், காசைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தான். மார்க்கெட்டில் வண்டி வாடகைக்கு யாராவது சில்லறை நீட்டினால், "நோட்டா குடு, இல்ல ஜிபே பண்ணு. காசு மூஞ்சில முழிக்கவே புடிக்கல" என்று எரிந்து விழுகிறான். நாணயத்தில் இப்போது எந்த ராஜாவின் முகமும் இல்லை என்று ஒருநாள் நான் சொன்னேன். "முகம் இல்லன்னா ராஜா இல்லன்னு ஆயிடுமாடா?" என்றான்.

போன மாதம் சுப்புராயனின் அண்ணன் இறந்தார். ஆற்றங்கரைச் சுடுகாட்டில் பாடையை இறக்கினார்கள். உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். பாக்யராஜ் நெற்றிக்காசை எடுத்தான். துடைக்கவில்லை. சுப்புராயன், ஒரு கையில் ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு, மறு கையை நீட்டினார்.

பாக்யராஜ் விரல்களை விரித்தான். காசு பழைய சாம்பலில் விழுந்தது, முகம் மேலே. அதன்மீது வலது காலை வைத்தான்.

"குடுப்பா, நேரமாவுது."

"இங்கதான் கீறாரு. குனிஞ்சி எடுத்துக்க."

யாரோ "டேய்" என்றார்கள். அதற்குமேல் யாரும் நெருங்கவில்லை; பிணம் கிடந்தது, அடுக்க வேறு ஆள் இல்லை. சுப்புராயனின் கை நீட்டியபடியே இருந்தது. பாக்யராஜ் ஒரு வரட்டியை எடுத்து வைத்தான். எட்டி அடுத்ததை எடுத்தான். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. வலது கால் மட்டும் நகரவில்லை.