கினுவேயின் கறுப்பு மிசோ

கணவர் யசபுரோ காலை நடைக்குப் படியிறங்கியதும், கினுவே அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சாடியை எடுப்பார். அதிலிருக்கும் கறுப்பு மிசோவில் ஒரு கரண்டி எடுத்துச் சுடுநீரில் கரைத்து, பின்கதவோரம் நின்றபடியே குடிப்பார். பிறகு விசிறியால் வாசனையை வெளியே விரட்டுவார். பக்கத்துக் கோயில் முற்றத்தைப் பெருக்கும் எனக்கு மட்டும் இது தெரியும்.

அவர்களுடையது வெள்ளை மிசோ கடை. நிறைய அரிசியும் கொஞ்சம் சோயாவும் சேர்த்துப் புளிக்கவைத்த, உப்புக் குறைந்த தித்திப்பு விழுது. கியோட்டோவில் அது இல்லாமல் புத்தாண்டு விடியாது. கினுவேயோ ஓகஸாகிப் பெண். அங்கே சோயாவையும் உப்பையும் மட்டும் மரப் பீப்பாயில் அடைத்து, மேலே ஆற்றுக் கற்களைக் குவித்து, இரண்டு கோடை காத்திருப்பார்கள். கன்னங்கரேலென்று வரும்.

"உங்க வெள்ளைய ரொம்ப கொதிக்கவிட்டா வாசம் போயிடும்க்கா. எங்க ஊருது கொதிக்கக் கொதிக்கத்தான் மணக்கும். கத்தரிக்காயில பூசிச் சுட்டுப் பாருங்க." சத்தும் இதில்தான் அதிகம் என்று வேறு என்னிடம் சொல்வார். வாடிக்கையாளர் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை அதைச் சமைத்தாராம். யசபுரோ கிண்ணத்தைத் தொடவில்லை. "ஓகஸாகிக்காரி சேறு காய்ச்சியிருக்கா. இந்த வாடை கடைக்குள்ள வந்தா நான் எதை மோந்து பாக்கறது?" என்றாராம். பீப்பாயைத் திறக்கும் நாளைச் சொல்வது அவர் மூக்குதான். அன்றிலிருந்து முப்பத்து நான்கு வருஷமாகக் கினுவேக்கு ஒரே ஏக்கம்: இந்த மனிதர் ஒரு வாய் குடித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லவேண்டும்.

இந்தக் குளிரில் யசபுரோவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மோப்பம் திரும்பவில்லை. பீப்பாய்க்குள் தலையை விட்டு வெகுநேரம் நின்றவர், "வெறும் காத்துதான்" என்றார்.

மறுநாள் கினுவே நடு அடுப்படியிலேயே சாடியைத் திறந்தார். கறுப்பு சூப் கொதித்தது. யசபுரோ மறுபேச்சில்லாமல் குடித்து முடித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "சூடா இருக்கு" என்றார்.

அன்று கினுவே கோயிலில் வந்து உட்கார்ந்தார். "குடிச்சாருக்கா. வெந்நீர் குடிக்கிற மாதிரி குடிச்சாரு." புத்தர் முன்னால் இரண்டு பேரும் கைகூப்பினோம். வேறென்ன செய்வது?

இப்போது தினமும் காலையில், குடிக்கக் கொடுக்கும் முன் கினுவே கிண்ணத்தை யசபுரோவின் முகத்தருகே பிடிக்கிறார். ஆவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கிப்போகிறது.

"ஏதாச்சும் வருதாங்க?"

இல்லையென்று அவர் தலையசைக்கிறார். கினுவே கிண்ணத்தைக் கீழே வைப்பதில்லை. இன்னும் ஓர் அங்குலம் கிட்டே கொண்டுபோகிறார்.