தலைப்பு மட்டும் மிஞ்சிய மெயில்கள்

கெட்டுப்போன மெயில் ஃபோல்டரைச் சரிசெய்கிறவனைத் தேடி யாரும் சந்தோஷமாக வருவதில்லை. பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் பட்டென்று போய், கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த மெயில்கள் திறக்காமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் கருப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டுவேன். அது ஃபோல்டரை முதலிலிருந்து படித்து, உடைந்ததை ஒட்டப் பார்க்கும். பாதி நாள் ஓடும். ஒட்டினால் உண்டு. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

தொடாதீங்க என்றேன்

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி. கொள்முதல் பார்க்கிற மேனேஜரின் ஃபோல்டர் திறக்கவில்லை. கட்டளையைத் தட்டிவிட்டு, முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கருப்புத் திரையைக் காணோம். மனுஷன் மெஷினையே அணைத்துப் போட்டிருக்கிறார்.

பாதி ஒட்டின நிலையில் நின்றுபோன ஃபோல்டரில் அதற்குப் பிறகு எந்த வித்தையும் பலிக்கவில்லை. அத்தனை மெயிலும் போச்சு. எனக்குக் கோபம்கூட வரவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து, பெரிய உதவி செய்தவர் போலச் சொன்னார்:

"ரொம்ப நேரமா ஒண்ணும் அசையல அண்ணாச்சி. பாவம், திணறுதேன்னுதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்."

அழித்ததும் வந்தது

டவுனில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு எல்லாமே திரும்பக் கிடைத்தது. கெட்டதே அதனால்தான். நான் தட்டும் அந்தக் கட்டளை வேண்டியது வேண்டாதது பார்க்காது. எப்போதோ அழித்த மெயிலின் மிச்சம் உள்ளே கிடந்தால் அதையும் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தும்.

அவரும் தம்பியும் சேர்ந்து நடத்திய தொழில் அது. சண்டை போட்டுப் பிரிந்த பிறகு தம்பி எழுதியதை எல்லாம் படிக்காமலே அழித்திருக்கிறார். இப்போது இன்பாக்ஸில் வரிசையாகத் தம்பியின் பேர். என் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். வாங்கிக் கொடுத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில் என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"போனதக் கொண்டாரச் சொன்னேன் வே. நான் போக்குனதையும் ஏன் கொண்டாந்தீரு?"

வெறும் தலைப்பு

மேலப்பாளையத்திலிருந்து ஒரு அக்கா பழைய சிபியூவை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்து, அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமானவர். வாட்ஸ்அப் எல்லாம் வருவதற்கு முன்னால் அவர் எழுதின மெயில்கள் அந்த மெஷினில் மட்டும்தான் இருந்தன. ஆன்லைன் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

முதல் தடவை ஓட்டினேன். தேதி வந்தது, தலைப்பு வந்தது. திறந்தால் உள்ளே வெள்ளை. வேறு விதமாகக் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டேன். அதே வெள்ளைதான். அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இன்னும் ஓடுகிறது என்று இழுத்தடித்தேன்.

கடைசியில் வரச்சொல்லி உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை. தலைப்புகளை மட்டும் வாசிக்கச் சொன்னார். "சுகமாக இருக்கிறேன்." "பெருநாள் இங்கே நாளைக்கு." "போன் கிடைக்கவில்லை." "பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி?" மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தலைப்பு போதும் தம்பி. உள்ள என்ன எழுதியிருப்பாருன்னு எனக்குத் தெரியும்லா."

இத்தனை வருஷத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை, வருகிறவர்களிடம் "பேக்அப் இருக்கா?" என்று கேட்டதும், அவர்கள் "அப்படின்னா?" என்றதும் கருப்புத் திரையைத் திறந்ததும்தான்.