காலர் விழுங்கிய மாத்திரை

சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள் என்பதால் அவளுக்குக் காலர் என்றே பேர். சூப்பர்வைசரையே நாக்கால் வெட்டுகிறவள். இரண்டு தடவை கரு தங்காமல் போனதிலிருந்து, வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

மூன்றாவது தடவை உண்டானபோது டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். "குழந்தையில பாதி உன் வீட்டுக்காரரோடது. உன் உடம்புக்கு அது வேத்தாள். விரட்டாம சேத்துக்கச் சொல்லி உள்ளயே ஒரு ஹார்மோன் சுரக்கும். உனக்கு அது கம்மி. நச்சுக்கொடி வளந்து தானே சுரக்கிற வரைக்கும் இந்த மாத்திரையை விட்டுடாதம்மா. தூக்கம் வரும், பரவால்ல."

மற்ற மாத்திரையோடு கலந்துவிடக் கூடாதென்று, அட்டை ஒவ்வொன்றின் மூலையிலும் ஊசி குத்திச் சிவப்பு நூலில் முடிச்சுப் போட்டாள் காலர்.

தூக்கம் வந்தது. தையல் மெஷின்மேலேயே கண் சொக்கியது. வீட்டில் பாத்திரம் போட்டது போட்டபடி கிடந்தது. "மகாராணிக்கு மாத்திரை ஒரு சாக்கு" என்றாள் மாமியார். அடுத்த தெருவில் இருந்த அவள் மகளும் அப்போது முழுகாமல் இருந்தாள். ஒருநாள் மாமியாருக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ மறந்துடுவ, நானே எடுத்துத் தர்றேன்" என்று மாத்திரை டப்பாவைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். காலர் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள், பைத்தியக்காரி.

மாமியார் பிரித்து உள்ளங்கையில் வைத்ததைப் பார்க்காமலே விழுங்கினாள். அதன்பிறகு தூக்கம் விட்டது. உடம்பு பழகிவிட்டதென்று நினைத்துக்கொண்டு ஓடி ஓடி வேலை பார்த்தாள். கம்பெனிக் கழிவறையில் எல்லாம் முடிந்தது. "தன் பிள்ளையையே வேத்தாளுன்னு தள்ளுற உடம்பு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள் மாமியார். காலரும் அதை நம்பி, தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டாள்.

நாத்தனார் ஆண்பிள்ளை பெற்றுத் தாய்வீடு வந்தாள். அவள் பையைக் காலர்தான் பிரித்து அடுக்கினாள். உள்ளே காலி மாத்திரை அட்டைகள். மூலையில் சிவப்பு நூல் முடிச்சு.

"அம்மா குடுத்தனுப்புனது அண்ணி," என்றாள் நாத்தனார், கள்ளமில்லாமல். "டாக்டர் எனக்குத் தேவையில்லன்னுதான் சொன்னாரு, அம்மாதான் கேக்கல. ஒரே தூக்கம்! தரையில கால் வைக்க விடலையே அம்மா."

காலர் மாமியாரைப் பார்த்தாள். "எனக்கு என்ன குடுத்தீங்க?"

"சுண்ணாம்புச் சத்து மாத்திரை. விஷமா குடுத்தேன்? நீயும் தூங்கிட்டா வீட்டு வேலைய யாரு பாக்குறது?"

புருஷன் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என் உடம்பு சேத்துக்கிச்சு அத்தை," என்றாள் காலர். குரல் உடைந்து கத்தலாகியது. "நீங்கதான் சேத்துக்கல!"

மாமியார் பேரனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மெதுவாப் பேசு. பிள்ளை தூங்குது."