வம்சத் தொடரும் சலவைக் கடைச் சித்தப்பாவும்

ஊரே ஒருவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டால் அவர் சித்தப்பா ஆகிவிடுகிறாரா? கொரியாவின் ஆண்டோங் நகரில் சலவைக் கடை வைத்திருந்த பியோ தொக்சுவுக்கு ஐம்பத்தெட்டு வயது வரை இந்தக் கேள்வி எழுந்ததில்லை. அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், வம்சச் சங்கத் தலைவர் பியோ ஜொங்குக். அவரும் இவரைச் சித்தப்பா என்றுதான் அழைத்தார். தலைமுறை வாரியாகக் குடும்பத்தின் பெயர்களைப் பதிந்த வம்சநூலின்படி தொக்சு ஒரு தலைமுறை மேலே. புத்தாண்டு காலையில் கிழவர் தரையில் குனிந்து கும்பிட, இவர் உட்கார்ந்தபடி அதை ஏற்றுக்கொள்வார். வருஷம் முழுக்கப் பிறர் சட்டையைத் தேய்க்கிறவருக்கு அந்த ஒரு காலை போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் பியோ வம்சத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் சரித்திரத் தொடர் வந்தது. இரண்டு ராணிகளைக் கொடுத்து மூன்று அரசர்களை ஆட்டிவைத்த குடும்பம் என்று காட்டினார்கள். சங்கம் தொக்சுவுக்கு ஒரு வேலை கொடுத்தது. ஞாயிறு மதியம் மறு ஒளிபரப்பைப் பார்த்து, முன்னோருக்கு எங்கெல்லாம் இழுக்கு என்று குறித்து, தொலைக்காட்சியின் இணையதளக் கருத்துப் பகுதியில் எழுத வேண்டும். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவர் நாற்பது புகார்கள் எழுதியிருந்தார். மந்திரி குடித்த கிண்ணம் பெரிது. ராணியின் அண்ணன் சிரித்த சிரிப்பு அசிங்கம். மற்றப் பார்வையாளர்கள் நடிகையின் கண்களைப் பாராட்டிக்கொண்டிருந்த இடத்தில் இவர் ஒருவர்தான் தொடரைக் குற்றவாளி போல விசாரித்தார்.

பதினேழாம் பகுதியில் ஓர் அடிமை வந்தான். எசமானின் மகனுக்காகக் கசையடி வாங்கினான். அதற்குப் பரிசாக அவனுக்குக் குடும்பப் பெயரும் வம்சநூலில் ஒரு பக்கமும் கிடைத்தன. கல்லறைச் சடங்கில் அவன் பிள்ளைகள் விடியுமுன் போய்ப் புல் வெட்டினார்கள். பிறகு கடைசி வரிசையில் நின்றார்கள்.

தொக்சுவின் பேனா நின்றது. அவருடைய அப்பாவும் அப்படித்தான். எல்லாரும் வருமுன் போய்ப் புல் வெட்டுவார். முன்வரிசைக்கு உரிமை இருந்தும் பின்னால் நிற்பார். அடக்கம் என்று இவர் நினைத்திருந்தார்.

"ஏங்க, இன்னிக்கு ஒண்ணும் எழுதலயா?" என்றாள் மனைவி புன்-ஈ. "அந்த அடிம தொப்பியக் கோணலா வச்சிருந்தான். அதயாவது எழுதுங்க."

"தொப்பி சரியாத்தான் இருந்துச்சு."

"அடேங்கப்பா, உங்க வாயால சரின்னு வர்றது இதான் மொத தடவ."

மறு வாரம் ஜொங்குக் ஒரு கால்சட்டையோடு கடைக்கு வந்தார்.

"சித்தப்பா, டிவிக்காரங்க மேல வழக்குப் போடப்போறோம். அடிம எவனும் நம்ம நூல்ல நுழைஞ்சதில்லன்னு. வீட்டுக்கு வீடு இருக்கிற பழைய நூலையெல்லாம் வக்கீல் கேக்குறார்."

"கொண்டாரேன்."

கிழவர் கால்சட்டையின் மடிப்பை விரலால் நீவினார். "உங்க வீட்டுது வேணாமே. எலி தின்னுருச்சுன்னு சொல்லிரலாம். மனுவுல கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"என் வீட்ல ஏது எலி?"

"எல்லார் வீட்லயும் இருக்கும் சித்தப்பா. உங்களுக்குக் கும்பிட்டுக் கும்பிட்டே என் முட்டி தேஞ்சு போச்சு. இப்பப் போய் அத வீணாக்கணுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அது பரிவா, மிரட்டலா? இத்தனை புத்தாண்டுகளிலும் குனிந்த அந்த முதுகு என்ன நினைத்துக்கொண்டிருந்தது? தொக்சு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். மடிப்பு இரண்டு கோடாக விழுந்தது. அவர் கடையில் அப்படி நடப்பதில்லை.

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுப் பெட்டியிலிருந்து வம்சநூலை எடுத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்த தாள் மற்றவற்றைவிட வெளுப்பு. அதைத் தைத்த இழையின் தடிமனும் வேறு. ஈரத்தில் கெட்டதைப் பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம். மாற்றாமல் புதிதாகச் சேர்த்தும் இருக்கலாம். அந்தக் காலத்து வழக்கப்படி எழுதியிருந்த சீன எழுத்துகளில் பாதிதான் அவருக்குப் புரிந்தன. பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினார். இந்த முதல் மனிதரை இங்கே எழுதியவர் யார், யார் சொல்லி எழுதினார் என்ற சந்தேகமும் வந்தது. வந்தாலும் அது அவருக்கு ஆறுதலாக இல்லை. தன் பக்கம் மட்டும்தான் வெளுத்திருந்தது.

"என்னங்க அதுல?" என்றாள் புன்-ஈ.

"தாளு."

திங்களன்று நூலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்தில் தேகு நகரத்துக்குப் போனார். வக்கீல் அலுவலகத்தில் ஜொங்குக் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து, "சித்தப்பா, எலி…" என்று ஆரம்பித்தார்.

தொக்சு மூட்டையை அவிழ்த்தார். வெளுத்த தாள் மேலே இருக்கும்படி நூலை விரித்து வக்கீல் முன் வைத்தார். வக்கீல் நீட்டிய வழக்கு மனுவை முழுவதும் படித்தார். பேனாவின் மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, நூலை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.