பேகம்பூர் சென்டரின் பாஸ்வேர்டு

காலை ஆறு நாற்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை போலீஸ்காரரின் கால்கள். காக்கி உடுப்புக்குக் கீழே ரப்பர் செருப்பு. அவசரமாகக் கிளம்பி வந்திருந்தார்.

“இன்ஸ்பெக்டர் கூப்பிடுறாரு சார். சட்டைய மாட்டிக்கிட்டு வாங்க. செத்த நேரந்தான்.”

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் செய்தியாளர். முந்தைய மாலை கலெக்டர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்திருந்தது. செய்தியை எழுதி அனுப்பியதே நான்தான். அனுப்பியவரின் முகவரியை அதிகாரிகள் சொல்லவில்லை. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நீட்டிய தாளில் அது இருந்தது. என் முகவரி.

“நீங்க அனுப்பலைன்னு நான் நம்புறேன். மேல உள்ளவங்க நம்பணுமே. உங்க மெயிலைத் திறந்து காட்டுங்க.”

திறந்து காட்டத் தயங்கினேன். தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் மேஸ்திரி, கழிவுநீரை எந்த வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள் என்று எனக்கு எழுதி வந்தார். அந்தக் கடிதங்கள் அவருடைய சொந்தப் பெயரில் அந்த மின்னஞ்சல் பெட்டியில்தான் கிடந்தன. “எம்பேரு மட்டும் வெளிய வந்துறக் கூடாதுண்ணே” என்றே ஒவ்வொன்றையும் முடித்திருப்பார்.

ஸ்டேஷனில் கணினி இருந்தது, இணையம் இல்லை. ஜீப்பில் நத்தம் சாலையிலிருந்த பொறியியல் கல்லூரிக்குப் போனோம். அந்த வாரம் அங்கே போலீசாருக்குக் கணினிக் குற்றங்கள் பற்றிய பயிற்சி. ஏற்பாடு அரசுடையது, ஆய்வகம் கல்லூரியுடையது, பாடம் நடத்தியவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர், இளம்பெண். இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொல்லி என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்.

“உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும் சார்?” என்று பொறியாளர் கேட்டார்.

சொல்ல வேண்டியதாயிற்று. பேகம்பூரில் பாய் ஒருவர் நடத்திய பிரவுசிங் சென்டரில்தான் முகவரி தொடங்கினேன். தொடங்கித் தருவதும் பாய்தான். மறந்துவிட்டேன் என்று ஆட்கள் வந்து நிற்பார்கள் என்பதால், கடையின் தொலைபேசி எண்ணையே அத்தனை பேருக்கும் பாஸ்வேர்டாக வைத்துவிடுவார். யாராவது கேட்டால், “வெளிய போர்டைப் பாருப்பா” என்பார். மாற்ற வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

“பூட்டுக்குப் பேர்போன ஊருய்யா இது” என்றார் பின்வரிசையில் ஓர் ஏட்டு. “சாவிய போர்டுல எழுதி வச்சிருக்காக.”

வகுப்பு சிரித்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து எஸ்.ஐ. மட்டும் மெதுவாக எழுந்தார்.

“ஏனுங்க மேடம், நானும் அந்தக் கடையிலதானுங்க ஆரம்பிச்சேன். ஸ்டேஷன் ரிப்போர்ட்டெல்லாம் அதுலதானுங்க போகுது.”

சிரிப்பு நின்றது.

எந்தக் கணினியிலிருந்து மிரட்டல் போனது என்பதை மின்னஞ்சல் நிறுவனம்தான் சொல்ல வேண்டும், சென்னை வழியாகக் கடிதம் போக வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று பொறியாளர் விளக்கினார். “முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க சார். இப்பவே.”

இன்ஸ்பெக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பெட்டி திறந்தால் முதல் வரியிலேயே மேஸ்திரியின் பெயர் தெரியும். ஒவ்வோர் எண்ணாகத் தட்டினேன். தவறு என்றது திரை. மறுபடியும் தட்டினேன். அதே பதில். பொறியாளர் தானே உட்கார்ந்து முயன்று பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

“யாரோ மாத்திட்டாங்க சார். இனி அவங்கதான் திறக்க முடியும்.”

“நம்மளால முடியாதா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இப்ப முடியாது சார்.”

போலீஸ் அந்தக் கடிதங்களைப் பார்க்கப்போவதில்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு அளவுக்குத்தான் இருந்தது. பெட்டி இப்போது யார் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அடுத்து வந்தது. மிரட்டல் விடுவது மட்டும் நோக்கமென்றால், அனுப்பிய பிறகு பாஸ்வேர்டை எதற்கு மாற்ற வேண்டும்?

கூப்பிடும்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு மாலையில் விட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டெலிபோன் பூத்திலிருந்து, பெயர் சொல்லாமல், தோல் ஷாப்புக்குப் பேசினேன். மேஸ்திரி இருக்கிறாரா என்று கேட்டேன்.

அவர் அன்று வேலைக்கு வந்திருக்கவில்லை.