சேலைக் கவுண்டரில் ஓர் ஆம்பளை வியாதி

ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவளுக்கு வாய் சிரித்தபடியும் கால் நின்றபடியும் இருக்க வேண்டும். உடம்பு என்று ஒன்று இருக்கவே கூடாது. திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு பெரிய கடையில் பதினோரு வருஷம் அப்படி நின்றேன். உங்களிலும் எத்தனையோ பேர் கவுண்டருக்குப் பின்னால் காலை மாற்றி மாற்றி நிற்கிறீர்கள், தெரியும். எனக்குக் கூடுதலாக ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் சரியாக உறையாது. லேசான வகைதான் என்றார்கள்.

பல்

கடையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், தில்லை நகரில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். நாலு நாள் தலையணை உறை ரத்தத்தில் நனைந்தது. ஐந்தாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், "அப்பா இருக்காரா?" என்று கேட்டார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் இறந்துபோனார் என்றேன். உடனே டெஸ்ட் எழுதினார். ரத்தம் உறைய உதவும் எட்டாம் ஃபேக்டர் ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம், எனக்கு இருபது. அப்பாவிடமிருந்து வந்தது, பெண்களுக்கும் வரும் என்றார். அன்று அழுதேன், அப்பாவுக்காக.

கண்ட வலி மாத்திரையும் போடக் கூடாது, இடுப்பில் ஊசியும் கூடாது என்று டாக்டர் சொன்னதை எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெரு மருந்துக்கடையில் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"அது ஆம்பளைங்களுக்கு வர்றதுங்க. யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

கை

சேலைக்கட்டு கையில் மோதினாலே எனக்கு நாவல்பழ நிறத்தில் கன்றிவிடும். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மாமி, சேலையை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார். "ஆத்துக்காரர் கோபக்காரரோ?" என்று மெல்லக் கேட்டார். என் கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். வீட்டில் கதவைக்கூட ஓங்கிச் சாத்தாத மனுஷன். வியாதியை விளக்கினேன். மாமி தலையை ஆட்டினார், நம்பவில்லை.

வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து என்னைக் கூட்டிப்போகக் கடை வாசலுக்கு வராமல், தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினார். அன்று பட்டு எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மாமி என் காதோரம் சொன்னது இதுதான்:

"பெருமாள் பார்த்துப்பார். கொஞ்சம் அனுசரிச்சுண்டு போம்மா."

பாத்ரூம்

மாதவிலக்கு எனக்கு ஒன்பது நாள். முதல் மூன்று நாள் மணிக்கொரு தடவை துணி மாற்ற வேண்டும். யூனிஃபார்மோ சந்தன நிறச் சேலை. எங்கள் மாடி சூப்பர்வைசரும் பெண்தான். பாத்ரூம் போனால் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் கொடுத்த லெட்டரைக் காட்டினேன். படிக்காமலே மடித்துக் கொடுத்தார்.

"மாசாமாசம் எல்லாருக்கும் வர்றதுதானேம்மா. உனக்கு மட்டும் லெட்டரா?"

தலை

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, மேல் ரேக்கிலிருந்து ஒரு பெட்டி என் தலையில் விழுந்தது. ரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. தலையில் அடிபட்டால் வலி வரட்டும் என்று காத்திருக்காதே, உடனே வந்து நரம்பில் ஃபேக்டர் ஊசி போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசரிடம் போனேன். "கூட்டம் குறையட்டும், போகலாம்" என்றார். எதிரே ஒரு குடும்பம் பதினைந்து சேலைகளைப் பிரித்து வைத்திருந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

முதலில் ஊசி, பிறகுதான் ஸ்கேன். உள்ளே சிறிதாகக் கசிந்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் இன்னொரு ஊசிக்கு எழுதினார். பத்து நாள் கழித்துக் கடைக்குப் போனபோது என் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். சூப்பர்வைசர் என் நெற்றியையும் தலையையும் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லையே. இதுக்கா தீபாவளிக் கூட்டத்துல விட்டுட்டுப் போனே?"

பதினோரு வருஷத்தில் என் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆளில்லை. வலிக்கிறதா என்று கேட்கிற ஆள் மட்டும் அந்தக் கடைக்கு இன்னும் வரவில்லை.