அத்தா பார்த்த கல்யாண டிவிடி

அக்கா கல்யாணத்துக்கு சவுதியில் இருந்த எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, லீவு கிடைக்கவில்லை. கல்யாண டிவிடி கைக்கு வந்தபோது, மறுநாளே அவர் சிக்னல் இல்லாத பாலைவன வேலைக்குப் போகிறார், திரும்ப மாதக்கணக்காகும் என்று தெரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீடியோ கால் போட்டு, லேப்டாப்பில் ஓடும் படத்துக்கு நேரே போனைப் பிடிப்பது என்று முடிவானது. பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது. வைரஸுக்குப் பயந்து மாமா அதில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை மட்டும் விட்டுவைத்திருந்தார். அந்தப் பெருமையோடு திருமயத்திலிருந்து ஒரு டிவிடி டிரைவ் வாங்கி வந்து மாட்டினார். விளக்கு எரிந்தது, டிஸ்க் ஒரு சுற்று சுற்றி அடங்கிவிட்டது. ஒயரைக் கழற்றி இங்கிட்டு மாட்டினார், அங்கிட்டு மாட்டினார். அதே கதைதான். லினக்ஸுக்கும் இந்த டிரைவுக்கும் ஒத்துப்போகாது போல என்று முனகினார். அம்மா பார்த்த பார்வையில் அவள் தம்பியான மாமாவுக்கு வியர்த்துவிட்டது.

லேப்டாப்பில் எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரையைத் திறந்து என்னவோ தட்டினார். டிரைவ் வந்தது என்று ஒரு வரி, போய்விட்டது என்று அடுத்த வரி, மாற்றி மாற்றி ஓடியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. லினக்ஸுக்கு டிரைவை நன்றாகவே அடையாளம் தெரிகிறது. டிஸ்க் சுற்றத் தொடங்கினால்தான் கரண்ட் போதாமல் விழுந்துவிடுகிறது. அந்த ஒயரில் லேப்டாப்பில் செருகவே இரண்டு முனை. ஒன்று ஸ்பேர் என்று நினைத்து, அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தவர் அவரேதான். அதையும் பக்கத்தில் செருகியதும் படம் ஓடி, மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார்.

அத்தாவும் போனில் வந்துவிட்டார். திரையில் சொந்தக்காரர்கள் வரவர, அம்மா ஒவ்வொருவரையும் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட அத்தா, "போனை ஒங்கம்மா பக்கம் திருப்பும்மா" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டது எதற்கு? சும்மா ஒரு தடவை திருப்பிவிட்டுப் படத்துக்கே கொண்டுவந்தேன். மறுபடியும் கேட்டார்.

"இங்கிட்டு ஒண்ணும் ஓடலத்தா. அம்மாதான் ஒக்காந்திருக்காங்க" என்று விளக்கினேன்.

மாமா சத்தமில்லாமல் என் கையிலிருந்து போனை வாங்கி, அம்மாவுக்கு நேரே ஒரு சொம்பில் சாய்த்து வைத்தார். படம் முடியும்வரை அது அப்படியேதான் இருந்தது. பாவம், அத்தா கடைசிவரைக்கும் கல்யாணத்தைப் பார்க்கவே இல்லையே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.